இரண்டாம் குரலும் மூங்கில் ஊசியும்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டு, மாதம், கிழமை என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாள் முதலே உண்டு. அதனால் அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் கொடுத்தார்கள். பழைய நாட்குறிப்புகளை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அக்காதான் அவற்றுக்குள் நிற்க மறுக்கிறார். மூடுபனியில் நடந்து போகிறவரைப் போல ஒரு பக்கத்தில் தெரிகிறார். அடுத்த பக்கத்தில் குரல் மட்டும் கேட்கிறது.

அக்கா 1944-ஆம் ஆண்டு, மலாய் நாட்டு மலைப்பகுதியில், ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் வேலை. அம்மா கொழுந்து எடுத்தார். 1958-இல் அம்மா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்கு வயது பதினான்கு, எனக்குப் பத்து. அம்மாவின் கூடையை அக்கா முதுகில் மாட்டிக்கொண்டு மறு வாரமே மலைக்குப் போனார். நான் பள்ளிக்குப் போனேன். பின்னாளில் தோட்டத் தமிழ்ப் பள்ளியிலேயே ஆசிரியையும் ஆனேன். அக்கா மலைக்குப் போனார், நான் பள்ளிக்குப் போனேன் என்ற இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கும் கடன் என்னால் எழுதித் தீராதது. அதனால் அதை இங்கே விட்டுவிட்டு அக்காவுக்குப் பிடித்தவற்றுக்குப் போகிறேன். அவை இரண்டு: பின்னல், பாட்டு.

பின்னலைக் கற்றுக்கொடுத்தவர் ரிங்லெட்டில் கம்பளி நூல் விற்ற சீனக் கடைக்காரரின் மனைவி. மாதத்தில் ஒரு ஞாயிறு சாமான் வாங்கப் போகும்போது, கல்லாவுக்குப் பின்னால் அந்த அம்மாள் பின்னிக்கொண்டிருப்பதை அக்கா நின்று பார்ப்பார். 1964-இல் ஒரு நாள் அந்த அம்மாள் தம் முக்காலியைத் திருப்பிப் போட்டு, அக்காவுக்குத் தம் கைகள் தெரியும்படி உட்கார்ந்தார். அதுதான் முதல் பாடம். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய். அக்கா பின்னிக் காட்டினால் அந்த அம்மாள் பார்ப்பார், நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் அவிழ்ப்பார், “லாகி!” என்பார். மறுபடியும் செய் என்று பொருள். எட்டு மாதம் “லாகி” கேட்டபின் ஒரு ஞாயிறு அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தாராம். அன்று மலை ஏறி வந்ததே தமக்குத் தெரியவில்லை என்று அக்கா சொல்வார்.

அக்கா சுவெட்டரைக் கழுத்தில் தொடங்கிக் கீழே கொண்டுபோவார். லயத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தார்கள்; சட்டை வளராது. கீழ் ஓரத்தில் பின்னல் முடிந்தால், முடிச்சை அவிழ்த்து அந்த ஆண்டின் வளர்ச்சியை மட்டும் சேர்த்துவிடலாம். வெள்ளை நூலை அவர் தொடமாட்டார். கொழுந்தின் சாறு ஏறிய விரல்கள் எத்தனை முறை கழுவினாலும் கறுத்துத்தான் இருக்கும். தொட்ட நூலெல்லாம் கறை படும். ஆகவே எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கருநீலமும் கரும்பச்சையும் காப்பி நிறமுமாக மூடுபனிக்குள் ஓடி விளையாடினார்கள்.

1971-இல் அக்கா தோட்டத்து ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். குழுவை நடத்தியவர் ஞானமுத்து ஐயா. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. பாட்டில் மகா கண்டிப்பு. அக்காவுக்கு இரண்டாம் குரல் கொடுத்தார். பாட்டின் மெட்டை முதல் குரல்கள் எடுத்துச் செல்லும். இரண்டாம் குரல் அதற்குக் கீழே, தன் வழியில், நிழல் போல நடக்கும். தனியாகக் கேட்டால் என்ன பாட்டென்றே பிடிபடாது. முதல் குரல்கள் பாடிப் பழகும் நேரமெல்லாம் இரண்டாம் குரல்கள் சும்மா இருக்க வேண்டும். அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மடியில் பின்னலை எடுத்துவிட்டார்.

“என்னா சத்தம் அது, டிக் டிக்குனு?” என்றார் ஐயா.

“ஊசி ஐயா.”

“இது பாட்டுப் பழகுற எடமா, கம்பளி பாக்டரியா? ரெண்டுல ஒண்ண விட்டுட்டு வாம்மா.”

ரெண்டில் ஒன்றை விடு. அக்கா வாழ்நாள் முழுவதும் பலர் வாயிலிருந்து கேட்ட சொல் இது. முதலில் சொன்னவர் ஐயா.

மறு சனிக்கிழமை, ஆண் குரல் வரிசையில் நின்ற ஒருவர் ஒரு காகிதச் சுருளை அக்காவிடம் நீட்டினார். திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். பட்டாணிக் கொடிக்கு ஊன்றும் மூங்கிலைச் சீவி, மணல் தாளில் தேய்த்து, இரண்டு ஊசிகள் செய்திருந்தார். “இது சத்தம் போடாதுலா,” என்றார்.

அக்கா இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். “ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா இருக்கே.”

“அப்படியா? குடுங்க, வேற செஞ்சி கொண்டாறேன்.”

அடுத்த சோடியில் முனை கூர்மையில்லை. அதற்கடுத்ததில் ஒன்று வளைந்திருந்தது. ஐந்தாவது சோடியும் தவறாக வந்தபோது, முதல் குரல் பாடிய எஸ்தர், அக்காவின் காதருகே, “ஏ அக்கா, லோரிய நேரா ஓட்டுறவருக்கு ஒரு குச்சிய நேரா சீவத் தெரியாதா? நீங்க ‘சரியா இருக்கு’ன்னு சொன்னா அடுத்த வாரம் வந்து பேசச் சாக்கு இருக்காதுலா,” என்றாள். 1973-இல் திருமணம். அவரே எங்கள் அத்தான். ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகள் பிறந்தபின் லோரி ஓட்டம் அதிகமாகி, அத்தான் குழுவிலிருந்து நின்றுகொண்டார். மூங்கில் ஊசிக்குச் சத்தம் இல்லாததால் ஐயாவும் பார்த்தும் பாராதவர்போல் இருந்தார்.

கொழுந்து எடுக்கும்போது அக்கா பாடிக்கொண்டே எடுப்பார். பாடியது இரண்டாம் குரலை மட்டும். பனி இறங்கிய காலைகளில் நிரைக்கு நிரை ஆள் தெரியாது. தேயிலைச் செடிகளின் மேல் அந்தக் குரல் மட்டும் ஊர்ந்து வரும். அதை வைத்தே மற்றவர்கள் தங்கள் நிரையைப் பிடிப்பார்கள். பக்கத்து நிரையில் எடுத்த செல்லம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் என்றாலும் அக்காவின் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கிறிஸ்துமஸில் நாங்கள் லயம் லயமாகப் பாடிப் போனபோது, வாசலில் நின்ற செல்லம்மாவும் இன்னும் நாலு பெண்களும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். ஐயா கையை நிறுத்தினார்.

“செல்லம்மா, மெட்டு தப்பு.”

“நல்லா இருக்கே கத! நாங்க வருஷக்கணக்கா மலையில இப்படித்தான் பாடுறோம். நீங்கதான் ஐயா மாத்திப் பாடுறீங்க.”

எங்கள் மேல் டிவிஷனில் பாதிப் பேருக்குப் பாட்டு என்றால் அதுதான் பாட்டு.

இனி 1977-க்கு வருகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில் மலையிலுள்ள ஆலயங்களின் குழுக்கள் தானா ராத்தாவில் கூடிப் பாட ஏற்பாடாயிற்று. ஐயா தேர்ந்தெடுத்த பாட்டில் மூன்றாவது சரணம் இரண்டாம் குரலில் ஒருவர் மட்டும் பாட வேண்டியது. அது அக்காவுக்கு என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. முப்பத்து மூன்று வயதில் முதன்முறையாக அவர் குரல் மெட்டின் நிழலிலிருந்து வெளியே வரப் போகிறது.

பாட்டை முடிவு செய்த அதே கூட்டத்தில்தான் எஸ்தர், “போன தடவ நாம நின்னது பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில துணி தொங்குன மாதிரி இருந்திச்சி. ஒருத்தர் புருஷன் கோட்டு, ஒருத்தர் தம்பி ஜாக்கெட்டு,” என்றாள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சுவெட்டர் வேண்டும் என்று முடிவாயிற்று. ஐயா வெள்ளை கேட்டார். அக்கா தம் விரல்களைக் காட்டினார். ஐயா கருநீலத்துக்கு ஒத்துக்கொண்டார். ஐயாவையும் சேர்த்துப் பதினான்கு பேர். பின்ன வேண்டியவர் ஒருவர்.

அக்கா ஒரு பருத்திக் கயிற்றைக் கொண்டுவந்து, பழகும் நேரத்திலேயே வரிசையாக ஒவ்வொருவர் மார்பையும் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். நீளத்தையும் அந்த முடிச்சிலிருந்தே கணக்கிடுவார். பகலில் மலை, வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். இரவுகளிலும் பின்னினார்; ஆனாலும் இடைவிடாமல் பின்னக் கிடைத்தது சனிக்கிழமை பிற்பகல்தான். அதுவே பாட்டுப் பழகும் நேரமும். அக்டோபர் முதல் நவம்பர் கடைசிக்குள் நான்கு சனிக்கிழமைகள் அவர் வரவில்லை.

குழுவின் வருகைப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. நான்கு தடவை வராதவர் அந்த ஆண்டு நின்று பாட முடியாது என்பது ஐயாவின் சட்டம். தம் மனைவியையே ஒருமுறை உட்கார வைத்தவர்.

“எத்தன நாளு வரல?” என்று கேட்டார்.

“நாலு ஐயா.”

“சரியா பாத்தியா?”

“சரியாத்தான் இருக்கு.”

புத்தகத்தை வாங்கி, கோடுகளைத் தாமே எண்ணினார். “அப்ப உங்கக்கா நிக்க முடியாது. மூணாவது சரணத்த எஸ்தர் பழகட்டும்.”

நான்கு கோடுகளும் என் கையால் போட்டவை. அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ போட்டது சரிதான். நா வரலதானே.”

“அக்கா, நீங்க அவங்களுக்காகத்தானே வரல.”

“சட்டைய யாராச்சும் பின்னணும்லா. பாட்டுக்கு எஸ்தர் இருக்கா.”

அத்தானுக்குத்தான் கோபம். “எல்லாரு உடம்புக்கும் நீ வேணும், பாட்டுக்கு மட்டும் வேணாமா? இத்தன சட்டையையும் லோரியில ஏத்தி தாப்பாவுக்கு அனுப்பிடறேன் பாரு!”

“கீழ தாப்பாவுல ஒரே சூடு. அங்க யாரு போடுவா?” என்று அக்கா சிரித்தார். ஆனால் அன்று நான் கிளம்பும்வரை அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கிட்டப் போய்க் கேட்டேன். மூன்றாவது சரணம். குரல் வெளியே வரவில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பதின்மூன்று சுவெட்டர்களோடு அக்கா ஆலயத்துக்கு வந்தார். எல்லாரும் ஆசையாகப் போட்டார்கள். போட்டவுடன் ஒரே சிரிப்பு. அத்தனையும் தொளதொளவென்று தொங்கின.

“உள்ள இன்னொரு ஆளு வரலாம் போல இருக்கே,” என்றாள் எஸ்தர்.

“நானும் என் மாமியாரும் ஒண்ணா போட்டுக்குவோம்,” என்றார் இன்னொருவர்.

அக்கா சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். அளவில் பிழை இல்லை. ஐயாவின் சுவெட்டர் அவர் முழங்காலை நெருங்கியிருந்தது. அவர் அதை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, “சரி, நேரமாவுது, பாடுங்க,” என்று எரிச்சலோடு கையை உயர்த்தினார்.

வருகைப் புத்தகத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தபோது, கருநீலச் சட்டைகள் ஒன்றாக நிறைந்தன. வரி முடிய முடிய மெல்லத் தளர்ந்தன. மறுபடி நிறைந்தன. திறந்திருந்த சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, தரையைத் தொட்டு, இருக்கைப் பலகைகளுக்கு இடையில் படர்ந்தது. முகங்கள் மங்கிவிட்டன. நிறைவதும் தளர்வதும் மட்டும் தெரிந்தது. மலையே படுத்துக்கொண்டு, தூக்கத்தில் மூச்சு விட்டுப் பாடுவதாக எனக்குத் தோன்றியது. இன்றும் கண்ணை மூடினால் அது எனக்கு வருகிறது. கனவில் கண்டதோ என்று சந்தேகம் வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். எழுதியிருக்கிறேன்.

ஐயா பாட்டை நிறுத்தினார். நேரே எஸ்தரிடம் போனார். “நீ மட்டும் மூச்சு எடுக்கல.”

“எடுத்தேன் ஐயா!”

“உன் சட்ட அப்படியே தொங்குச்சி. சட்ட பொய் சொல்லாது.” பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “எப்ப அளந்தே?”

“இங்கதான் ஐயா, பழகறப்ப. நீங்க மூச்ச நிறைச்சு நில்லுன்னு சொல்லுவீங்கள்ல, எல்லாரும் நின்னாங்க. அப்ப அளந்தேன். மூச்ச விட்டா சின்னதாவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்னோடது எங்க?”

“நூலு பத்தல. அளவு பெரிசாயிட்டதால தீந்துபோச்சி. கடையில அந்தச் சாயம் இப்ப இல்லையாம். எனக்கு எதுக்கு ஐயா, நாந்தான் நிக்கலையே.”

ஐயா தம் சுவெட்டரைத் தலைவழியாகக் கழற்றி அக்காவின் மடியில் வைத்தார். “கீழதானே முடிச்சு? அவுரு. எனக்கு முழங்கால்ல குளிராது.”

ஆளாளுக்கு முன்னால் வந்தார்கள். அக்கா ஒவ்வொரு சட்டையின் ஓர முடிச்சையும் அவிழ்த்துக் கொடுக்க, நான்கு விரல் அகலம் தானாக உருவி வந்தது. பலகைகளில் உட்கார்ந்து எல்லாரும் பந்தாகச் சுற்றினார்கள். எஸ்தர், “என்னோடதுல இன்னும் ரெண்டு வரிசை எடுத்துக்குங்க அக்கா, எனக்குத்தான் மூச்சே இல்லையாம்லா. அந்தச் சரணத்தையும் நீங்களே எடுத்துக்குங்க, தாங்க முடியல,” என்றாள்.

ஐயா என்னைப் பார்த்து, “புத்தகத்துல அந்த நாலு நாளும் வந்தாங்கன்னு மாத்திடு,” என்றார். நான் மாற்றவில்லை. நடக்காததை எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு கோடுகளுக்கும் பக்கத்தில், ‘குழுவின் வேலையாக வெளியே இருந்தார்’ என்று எழுதிக் காட்டினேன். ஐயா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தானா ராத்தாவுக்கு அத்தானின் லோரியில்தான் போனோம். முட்டைக்கோஸ் வாசனை போகாத லோரி. அக்கா தம் சுவெட்டரின் கடைசி வரிசைகளை அந்த வளைவுகளில் பின்னினார். வண்டி வலப்பக்கம் சாயும்போது அவரும் சாய்வார்; ஊசி நிற்காது. ஆலய வாசலில் இறங்கும்போது எஸ்தர் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மூன்றாவது சரணத்தில் அக்கா பாடினார். சபையில் அந்தப் பாட்டை அறிந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பழகிய மெட்டு போய், அதற்கு அடியில் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று மேலே வந்திருந்தது. நான்கே வரிகள். சபைக்குப் பின்னால் நின்றிருந்த அத்தான் தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். மேல் டிவிஷனிலிருந்து வந்திருந்தவர்களுக்கு மட்டும் திகைப்பு இல்லை. அவர்களும் மெல்லச் சேர்ந்து பாடினார்கள்.

அதன்பின் பத்தாண்டுகள் அக்கா பின்னிக்கொண்டே பாடினார், பாடிக்கொண்டே பின்னினார். பொறுமை அவருடைய குணம் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். விட மறுப்பதுதான் அவர் குணம். அதைச் சத்தமில்லாமல் செய்தார். ஆலயத்துக்கு வந்தவரா, கோயிலுக்குப் போகிறவரா என்று பாராமல், பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் ஒரு சிறு சுவெட்டர் போயிற்று.

1986-இல் நெஞ்சுச் சளி பிடித்து, அது நுரையீரலில் தங்கிவிட்டது. மருத்துவர் நல்லவர். “அம்மா, பாட்ட விட்டுடுங்க. பின்னுங்க, பரவால்ல,” என்றார். அத்தானும் கெஞ்சினார். அக்கா யோசித்து, “ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சிக்கறேன் டாக்டர்,” என்றார். சொன்னபடியே குறைத்தார். நான்கு சரணம் பாடியவர் ஒன்று பாடினார். பத்து வரிசை பின்னியவர் ஒன்று பின்னினார். கடைசி மாதங்களில் அது பாதி வரிசையும் ஒரே வரியுமாக ஆயிற்று. ஒன்றுக்கு மட்டும் அதிகம் கொடுக்கவே இல்லை. 1987 நவம்பரில், மழைவிட்ட ஒரு விடியற்காலையில், அத்தான் கையைப் பிடித்தபடி அவர் மூச்சு அடங்கியது. வயது நாற்பத்து மூன்று.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் முறை வைத்து வந்து அக்காவைப் பார்த்துக்கொண்ட செல்லம்மா அவர்களுக்கும் மேல் டிவிஷன் பெண்களுக்கும் நன்றி. நூல் கடையை அடைத்துவிட்டு மழையில் மேலே ஏறி வந்த ரிங்லெட் அம்மாளுக்கு நன்றி. அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கு விடுப்புக் கொடுத்தவர்களுக்கும், தாயை இழந்த இரு பிள்ளைகளுக்கும் தங்கள் வீட்டில் தட்டு வைத்தவர்களுக்கும் நன்றி.

அக்காவைக் குளிப்பாட்டி, சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்திய எஸ்தருக்குத் தனியாக நன்றி. கடைசியில் அவள் ஒரு கையில் பாட்டுப் புத்தகத்தையும் மறு கையில் மூங்கில் ஊசிகளையும் வைத்துக்கொண்டு, “எத வைக்கிறது?” என்று அழுதபடி நின்றாள். புத்தகம்தான் முறை என்றார்கள் சிலர். ஊசிதான் அவர் உயிர் என்றார்கள் சிலர். இரண்டையும் வை என்றார் ஐயா. பேச்சு வளர்ந்தது. அதுவரை வாசலில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து வந்தார்.

“ஒண்ணும் வைக்காதீங்க,” என்றார். “அவ கை சும்மா இருந்து நா பாத்ததே இல்ல. கொஞ்சம் சும்மா இருக்கட்டும்.”

எஸ்தர் அந்தக் கறுத்த விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தாள். ஐயா கையை உயர்த்தினார். நாங்கள் பாடினோம்.